எட்டு ஏ, எட்டு இசட்

காலை ஏழு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தபோது இளமதியின் போனுக்கு ஒரு பட்டியல் வந்தது. நாற்பது இங்கிலீஷ் வார்த்தைகள். எல்லாமே ஐந்தெழுத்து.

அடுப்பில் இட்லிக் குண்டான் ஏறியிருந்தது. ஒரு கையில் கரண்டியோடு பட்டியலை மேலிருந்து கீழே படித்தாள். வாட்டர், டைகர், டேபிள், ரிவர், பிளேட். அத்தனையும் தனக்கே தெரிந்த வார்த்தைகள் என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டாள். பிறகு வாட்டருக்கு ஓர் இ, டைகருக்கு ஓர் இ, டேபிளுக்கு ஓர் இ என்று மனசு தானாக எண்ண ஆரம்பித்தது. ஒன்பதாவது இ வந்த இடத்தில் கரண்டி கைநழுவிக் கீழே விழுந்தது.

அவர்கள் பீங்கான் கொட்டகையில் மொத்தமே எட்டு ‘இ’ டைல்தான் இருந்தது.

சென்ற வாரம் சூளையைத் திறந்து, இருநூற்றெட்டு டைலும் ஒரு கீறல் இல்லாமல் வந்ததைப் பார்த்துவிட்டு, நேரே பழமலைநாதர் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தவள்தான் இந்த இளமதி. அதே மாவட்டத்து மங்களூர் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் புதுக் கட்டடம் திறக்கிறார்கள். நடைபாதைச் சுவரில் நாற்பது மரச்சட்டம். ஒவ்வொன்றிலும் ஐந்து குழி. குழிக்கு ஓர் எழுத்து. பிள்ளைகள் விரலால் தடவிப் பார்க்கும்படி எழுத்து புடைத்துக்கொண்டு நிற்க வேண்டும். “டைல் நீங்க செஞ்சு குடுங்க, வார்த்தைய எங்க டீச்சருங்க பாத்துக்குவாங்க” என்று தலைமையாசிரியை சண்முகப்ரியா சொல்லியிருந்தார்.

இளமதி கணக்குப் போட்டாள். நாற்பது சட்டம், ஐந்து எழுத்து, இருநூறு டைல். இங்கிலீஷில் இருபத்தாறு எழுத்து. எழுத்துக்கு எட்டு எடுத்தால் இருநூற்றெட்டு. எட்டு உபரி. இதைவிடக் கச்சிதமாக ஒரு கணக்கு வருமா என்று அன்றைக்கு அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. மாமனார் சக்கரபாணியின் கொட்டகையில் முப்பது வருஷமாக ஓடியது மின்சாரப் பெட்டிக்கான பீங்கான் ஃபியூஸ் கட்டை. மேல்பாதி நூறு என்றால் கீழ்ப்பாதியும் நூறு. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் குப்பைதான். பிளாஸ்டர் அச்சு வேறு ஈரம் குடிக்கும். ஓர் அச்சில் நாளைக்கு நாலுக்கு மேல் எடுத்தால் முனை மழுங்கிவிடும். அதனால் எந்த அச்சானாலும் சமமாக எடுப்பது அந்த வீட்டில் குளிப்பது, சாப்பிடுவது மாதிரி ஒரு பழக்கம். இளமதி நாலு நாலாக இரண்டு நாள் எடுத்தாள். இ-க்கும் எட்டு, இசட்டுக்கும் எட்டு.

இன்று புதன்கிழமை. மாலை ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடத்து வேன் வருகிறது. நாளை கொத்தனார் பதிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை திறப்பு விழா. புதிதாக எடுத்து, உலர்த்தி, சுட்டு, ஆற வைக்க எப்படியும் எட்டு நாள் ஆகும்.

“இந்த வேல நல்லபடியா போச்சுன்னா அந்தக் கொட்டக உன் பொறுப்பு. திரும்பி வந்துச்சுன்னா பழையபடி ஃபியூஸ் கட்டையத்தான் அடுக்குவேன்” என்று சக்கரபாணி சொல்லியிருந்தார். அவர் கோபக்காரர் இல்லை. ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

இளமதிக்கு அந்தக் கொட்டகை வேண்டும். கல்யாணமாகி வந்து எட்டு வருஷத்தில் அந்த வீட்டில் அவள் பெயர் எழுதியிருந்த ஒரே இடம் ரேஷன் கார்டு. கணவன் தமிழ்ச்செல்வன் பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் ஷிஃப்ட் ஷிஃப்டாக ஓடிக்கொண்டிருந்தான். அவளாகப் போய் அச்சு எடுக்கக் கற்றுக்கொண்டு, அவளாக வாங்கிய முதல் வேலை இது.

கூடத்து ஊஞ்சலில் நாத்தனார் வெண்பா போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். சென்னையிலிருந்து பெட்டியோடு வந்து மூன்று மாதம் ஆகிறது. அவள் கணவன் கார்முகிலுக்கு வேலை போய்விட்டது. அது பெரிய விஷயமில்லை. போன வேலையை ஐந்து மாதம் சொல்லாமல், தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பி, பார்க்கில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. “அந்தாளு இந்த வூட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது” என்று சக்கரபாணி அன்றே சொல்லிவிட்டார்.

வந்ததிலிருந்து வெண்பாவுக்கு ஒரே பொழுதுபோக்கு, காலை ஏழு மணிக்குப் போனில் ஒரு விளையாட்டு. ஐந்து கட்டம், மறைந்திருக்கும் ஐந்தெழுத்து வார்த்தை, ஆறு வாய்ப்பு. முடித்ததும் பச்சையும் மஞ்சளுமாக அந்தக் கட்டங்களை யாருக்கோ அனுப்புவாள். சென்னைத் தோழியாக இருக்கும் என்று இளமதி நினைத்துக்கொண்டிருந்தாள். படித்த பெண் இப்படிப் பொழுதைக் கழிக்கிறாளே என்று எரிச்சலும் உண்டு.

இன்று அந்த எரிச்சலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“வெண்பா, கொஞ்சம் என்கூட கொட்டகைக்கு வரியா?”

மூன்று மாதத்தில் அண்ணி அவளிடம் கேட்ட முதல் உதவி அது. வெண்பா என்ன ஏது என்று கேட்கவில்லை. இன்னும் தொடங்காத விளையாட்டை அப்படியே மூடிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

“இட்லிய யாரு எறக்குறது?” என்று மாமியார் அமிர்தம் பின்னாலிருந்து கேட்டது இருவர் காதிலும் விழவில்லை.

*

தொழிற்பேட்டையில் கொட்டகையின் நீள மேசை மீது டைல்கள் எழுத்துவாரியாக அடுக்கியிருந்தன. வெள்ளை டைலில் நீல எழுத்து. பார்க்க அழகாகத்தான் இருந்தது. இருபத்தாறு அடுக்கும் ஒரே உயரம்.

இளமதி சண்முகப்ரியாவுக்குப் போன் போட்டாள்.

“மேடம், வார்த்தைங்கள கொஞ்சம் மாத்திக்கலாமா?”

“மாத்திக்கலாங்க. நாப்பது இருக்கணும், அஞ்செழுத்து இருக்கணும், ஒண்ணாங்கிளாஸ் பசங்களுக்குப் புரியணும். சட்டமெல்லாம் செஞ்சாச்சு பாருங்க. ஏன், என்னா விஷயம்?”

“இல்ல மேடம், சும்மாதான் கேட்டேன்.”

போனை வைத்த பிறகு அந்த ‘சும்மா’ அவளுக்கே உறுத்தியது. ஆனால் உறுத்தலுக்கு இப்போது நேரமில்லை.

வெண்பா ஒரு நோட்டை எடுத்துக்கொண்டாள். வார்த்தை சொல்வாள், இளமதி எழுத்துகளை எடுத்து வரிசையாக வைப்பாள். பிரிக், கிளாக், ட்ரக், சாக், லைட், நார்த். ஆரம்பத்தில் வேகமாகத்தான் போனது.

டைல் துடைத்துக்கொண்டிருந்த வீரம்மாள் சிறிது நேரம் வேடிக்கை பார்த்தாள். அந்தக் கொட்டகையில் இருபது வருஷமாக வேலை செய்கிறவள்.

“எனக்கு இங்கிலீஷு தெரியாது. தெரிஞ்சா நானும் சொல்லுவேன்” என்றாள்.

“நீங்க தெனமும் பேசுறத சொல்லுங்க வீரம்மாக்கா” என்றாள் வெண்பா.

“என்னாத்த பேசுறேன். காலைல லாரிக்காரன்கிட்ட டோக்கன் வாங்குறேன். டாக்டரு சுகருன்னு சொல்லிட்டாரு, ஜூஸு குடிக்காதன்னுட்டாரு. சேருல உக்கார வெச்சு ஊசி போட்டாரு.”

வெண்பா எழுதிக்கொண்டே வந்தாள். லாரி, டோக்கன், சுகர், ஜூஸ், சேர். ஐந்துமே ஐந்தெழுத்து. இங்கிலீஷ் தெரியாத வீரம்மாள் ஒரே மூச்சில் ஐந்து வார்த்தை கொடுத்துவிட்டாள். அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

“ஃபியூஸு?” என்று தானாகவே ஒன்று சேர்த்தாள்.

“அது நாலெழுத்துக்கா.”

“முப்பது வருஷமா ஓடுறது. அதுக்கு ஒரு எழுத்து கொறையுதா” என்று வீரம்மாள் வருத்தப்பட்டாள்.

பதினோரு மணிக்குப் பதினேழு வார்த்தை நின்றது. அதற்கு மேல் நகரவில்லை. எதை எடுத்தாலும் ஓர் ஏ குறைந்தது, இல்லையென்றால் ஓர் இ. மேசையின் மறுகோடியில் எட்டு க்யூவும் எட்டு எக்ஸும் எட்டு இசட்டும் தொட ஆளில்லாமல் அப்படியே நின்றன.

வெண்பா பேனாவை வைத்தாள்.

“அண்ணி, இது வராது. இங்கிலீஷுல உயிரெழுத்து அஞ்சுதான். அஞ்செட்டு நாப்பது. நாப்பது வார்த்தைக்கு நாப்பது உயிரு. ஒரு வார்த்தைக்கு ஒண்ணுக்கு மேல செலவு பண்ண முடியாது. சுகருக்கே ரெண்டு போயிருச்சு, ஜூஸுக்கு மூணு போயிருச்சு. இன்னும் ஒரு ஏழெட்டு வார்த்த தேத்தலாம். நாப்பது வராது.”

இளமதி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் அவளுக்குத் தெரியாததா? தமிழ் மீடியத்தில் பன்னிரண்டாவது வரைக்கும் தமிழில் முதல் மதிப்பெண் வாங்கினவள். உயிர் இல்லாமல் வார்த்தை வராது என்பது இந்த இங்கிலீஷுக்கும் பொருந்தும் என்று ஏன் தோன்றவில்லை என்று தன்னையே நொந்துகொண்டாள்.

வீரம்மாள் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

“இதுக்குத்தான் அன்னைக்கே வெண்பா நின்னு எண்ணிக்கிட்டு இருந்துச்சா? பத்து நாளு இருக்கும். பச்ச மண்ணா பலகைல காஞ்சிக்கிட்டு கெடந்துதே, அப்ப. இது கொண்டாந்த சாப்பாட்டுக் கூடைய நா வாங்குறேன், இது ஒவ்வொரு எழுத்தா தொட்டு எண்ணுது.”

 ஜங்ஷனில் ஏதோ ஒரு ரயில் வந்து நிற்பதாக மைக்கில் சொல்வது இங்கே வரை கேட்டது. வீரம்மாளுக்கு ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று புரிந்தது. டீ வாங்கி வருவதாகச் சொல்லித் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

“எண்ணுனியா?” என்றாள் இளமதி.

“எண்ணுனேன்.”

“அப்பவே தெரியுமா, பத்தாதுன்னு?”

“பாத்ததுமே தெரியும் அண்ணி.”

“பத்து நாளு இருந்துச்சு, வெண்பா. அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லிருந்தா மறுபடியும் அச்சு எடுத்திருப்பேனே. சுட்டே முடிச்சிருப்பேன். என் வேல கெட்டுப்போவட்டும்னு இருந்தியா?”

வெண்பாவின் முகம் சிவந்துவிட்டது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

“கொஞ்சம் அப்படித்தான் இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன். நா வந்த புதுசுல, எழுத்து வேலன்னு கேள்விப்பட்டு, நா பாத்துத் தரட்டுமான்னு கேட்டேன். ஞாபகம் இருக்குதா? சோறு போட்டுக்கிட்டு இருந்தீங்க. மொதல்ல உன் குடும்பத்த பாரு, அப்பறம் என் வேலைய பாக்கலாம்னு சொன்னீங்க. அம்மா எதுருக்கவே சொன்னீங்க. அன்னைக்கு நா ரசம் ஊத்திக்காம எழுந்துட்டேன்.”

இளமதிக்கு ஞாபகம் இருந்தது. அந்த ரசத்தை அவள்தான் பிறகு எடுத்துக் கொட்டினாள். இங்கிலீஷ் படித்த நாத்தனார் வந்து கை வைத்தால், நாளைக்கு அவள் செய்த வேலை என்று ஆகிவிடும் என்ற பயம். அந்தப் பயத்தைப் பயம் என்று சொல்லாமல் குத்தலாகச் சொல்லிவிட்டாள். அதற்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கோபம் தீரவில்லை. 

வெண்பா தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். “அவரு தெரிஞ்சிக்கிட்டே சொல்லாம இருந்தாருன்னுதான் பொட்டியத் தூக்கிக்கிட்டு வந்தேன். எப்படி மனசு வந்துச்சு, மூஞ்சிய பாத்துக்கிட்டே எப்படி சொல்லாம இருந்தீங்கன்னு கேட்டேன். இங்க வந்து நானும் அதையேதான் பண்ணிருக்கேன். தெனமும் உங்க கையால சாப்ட்டுக்கிட்டே பண்ணிருக்கேன். மன்னிச்சிருங்க அண்ணி.”

 மன்னித்தேன் என்று சட்டென்று சொல்லிவிட இளமதிக்கு வரவில்லை. வராததைச் சொல்கிறவளும் இல்லை.

“அந்த வெளையாட்ட எடு” என்றாள்.

“என்னாது?”

“தெனமும் வெளையாடுவியே. அது எப்படின்னு காட்டு. அஞ்செழுத்துதான அதுவும்?”

வெண்பா போனை எடுத்தாள். சார்ஜ் நாலு சதவீதம் என்று காட்டியது. நேற்றைய ஆட்டத்தைத் திறந்தாள். அதில் ஒரு வரிசையில் ஐந்து கட்டத்தில் மூன்று பச்சை. நடுவில் இரண்டு இடம் சரியாக வராமல் இருந்தது.

“பச்சன்னா அந்த எழுத்து சரியான எடத்துல இருக்குது. மஞ்சன்னா எழுத்து இருக்குது, எடம் தப்பு. மீதி எடத்துக்கு என்னா வரும்னு நாமதான் யோசிக்கணும்.”

“அப்ப எல்லா எழுத்தும் இருந்தா வெளையாட்டு இல்ல?”

“எல்லாம் இருந்தா அப்பறம் என்னாத்த கண்டுபுடிக்கிறது?”

இளமதி போனைப் பார்த்தாள். பிறகு திரும்பி மூலையைப் பார்த்தாள். எழுத்து அச்சு வருவதற்கு முன்னால் கிளேஸ், அதாவது கண்ணாடிப் பூச்சு, எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க ஐம்பது வெற்று டைல் சுட்டிருந்தாள். அதே அளவு, அதே வெள்ளை. எழுத்து மட்டும் கிடையாது.

அதில் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அதற்கு முன்னால் ஓர் எம். பின்னால் என், ஜி, ஓ.

“இது என்னா?”

வெண்பா பார்த்தாள். “மேங்கோ” என்றாள்.

“எனக்கே தெரியுது. ஒண்ணாங்கிளாஸ் பையனுக்குத் தெரியாதா?”

இளமதி அட்டைப்பெட்டியில் நம்பர் போடும் மார்க்கரை எடுத்தாள். வெள்ளை டைலில் ஓர் ஏ எழுதினாள். முந்தானையால் ஒரு தேய்ப்பு தேய்த்தாள். சுத்தமாகப் போய்விட்டது. கிளேஸ் மேல் எதுவும் ஒட்டாது என்பது அந்தக் கொட்டகையில் எல்லாருக்கும் தெரியும். அதை இந்தக் கண்ணால் இதுவரை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

“பையன் வருவான், எழுதுவான். அடுத்தவன் வருவான், அழிச்சிட்டு எழுதுவான். ஒரு வார்த்தைக்கு ஒரு வெள்ள. நாப்பது உயிரு மிச்சம்.”

வெண்பா மேசையையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்ததை மறைக்காமல் சிரித்தாள். “முடிச்ச பதினேழ விட்டுட்டு, மீதி இருபத்திமூணுக்கு வெள்ள வெச்சா போதும்.”

“வேண்டாம். பாதிக்கு வெச்சா டைலு பத்தலன்னு தெரிஞ்சிடும். நாப்பதுலயும் வெச்சா நாம செஞ்சது அப்படின்னு ஆவும். முடிச்சதுலயும் ஒண்ண எடு.”

*

போனில் சண்முகப்ரியாவின் முகம் தெரிந்தது. இந்த முறை இளமதி சும்மா என்று சொல்லவில்லை.

“மேடம், காலைல நா ஒண்ண மறச்சிட்டேன். எல்லா எழுத்தையும் எட்டு எட்டா செஞ்சுட்டேன். இசட்டும் எட்டு, இயும் எட்டு. தப்பு என்னுது. உங்க பட்டியலுக்கு பத்தாது.”



“எங்க டீச்சருங்களும் பட்டியல முன்னாடியே குடுத்திருக்கணும். நாங்களும் கடைசி நேரத்துல குடுத்தோம்” என்றார் சண்முகப்ரியா. “இப்ப என்னங்க பண்ணப்போறீங்க?”

இளமதி போனை மேசைப் பக்கம் திருப்பினாள். எச், ஓ, ஒரு வெள்ளை, எஸ், இ. மார்க்கரால் வெள்ளையில் ஓர் ஆர் எழுதிக் காட்டினாள். அழித்தாள்.

“நல்லாருக்கு. ஆனா இதுக்கு ரெண்டு விட வருதே. ஹவுஸுன்னும் வரும், ஹார்ஸுன்னும் வரும்.”

இளமதி வெண்பாவைப் பார்த்தாள். வெண்பா குனிந்து போனுக்குள் முகத்தைக் காட்டினாள்.

“ரெண்டும் சரிதாங்க மேடம். ஒருத்தன் வீடுன்னு எழுதுவான், இன்னொருத்தன் குதிரைன்னு எழுதுவான். நிக்கட்டும், பேசட்டும்.”

சண்முகப்ரியா சிரித்துவிட்டார். “சரிங்க. ஒரே ஒரு விஷயம். வெள்ளிக்கிழம நீங்க நேர்ல வந்து தாளாளருக்கு இத எடுத்துச் சொல்லணும். நா சொன்னா ஓட்டைய மூடுறேன்னு நெனப்பாரு.”

அப்புறம் நேரம் போனதே தெரியவில்லை. வீரம்மாள் வாங்கி வந்த டீ ஆறியே போனது. அமிர்தம் கொடுத்தனுப்பிய சாப்பாட்டைக் கை கழுவாமல் ஸ்பூனால் சாப்பிட்டார்கள். வெண்பாவின் போன் எப்போதோ அணைந்துபோனது. அதை யாரும் கவனிக்கவில்லை. நாலரை மணிக்கு நாற்பதாவது அட்டைப்பெட்டியில் வைக்கோல் திணித்து மூடினார்கள். ஐந்து மணிக்கு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனது. மேசையில் மிஞ்சியது நாற்பத்தெட்டு எழுத்தும் பத்து வெள்ளையும்.

வேன் வாசலைத் தாண்டும்போதே சக்கரபாணியின் டி.வி.எஸ் உள்ளே நுழைந்தது. இறங்கி வந்தவர் மேசையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

“இத்தன இசட்டு மிஞ்சிக் கெடக்குது. வெள்ள டைலு பத்துதான் இருக்குது. என்னா நடந்துச்சு?”

வெண்பா ஓர் அடி முன்னால் வந்தாள். “அப்பா, அது என்னால…”

“என்னாலதான் மாமா” என்றாள் இளமதி. குரலைக் கொஞ்சம் உயர்த்தித்தான் சொன்னாள். “எல்லா அச்சுலயும் சமமா எடுத்துட்டேன். எழுத்துக்கு எழுத்து தேவ வேற வேறன்னு யோசிக்கல. பள்ளிக்கூடத்துல தப்ப சொல்லிட்டேன். வேற மாதிரி செஞ்சு குடுத்தோம், ஒத்துக்கிட்டாங்க. வார்த்த எல்லாம் வெண்பா சொன்னது. வீரம்மாக்கா அஞ்சு சொன்னாங்க.”

சக்கரபாணி ஒரு க்யூவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வால் முனைகூட மழுங்காமல் இருந்தது.

“சமமா எடுன்னு சொன்னது நாந்தான” என்றார். “ஃபியூஸ் கட்டைக்கு சொன்னேன். எழுத்துக்கு ஆவாதுன்னு எனக்கும் தெரியல.”

மேசை ஓரத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பனியனுக்குள் தொங்கிய சாவிக்கயிற்றைத் தலை வழியாக எடுத்தார். கேட்டுச் சாவியைத் தனியாகக் கழற்ற அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை.

“வெச்சிக்க. இனிமே இந்தக் கொட்டகைக்குள்ள என்னா செய்யணும், யாரு வரணும், யாரு வரக் கூடாது, எல்லாம் நீ சொல்றதுதான். நா குறுக்க வரமாட்டேன்.”

இளமதி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.  அவர் டீக்கடைக்குப் போய் வருவதாகச் சொல்லி வண்டியைக் கிளப்பினார்.

வண்டிச் சத்தம் அடங்கிய பிறகு வெண்பா கேட்டாள். “ஏன் அண்ணி சொல்லல?”

“நீ எண்ணிப் பாத்துட்டு சும்மா இருந்தத நா சீக்கிரம் மறக்க மாட்டேன். கொஞ்ச நாளு வலிக்கும். அதுக்காக மாமாகிட்ட போட்டுக் குடுக்கணுமா? நா உன்ன சொன்னதும் தப்புதான். அத வெச்சிதான எல்லாம்.”

வெண்பா ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் இளமதியின் போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் இளமதியின் புருவம் ஏறியது. கார்முகில். மூன்று மாதமாக இந்த வீட்டில் ஒருவரிடமும் அவன் பேசியதில்லை.

“அக்கா, நா கார்முகில். வெண்பா நல்லாருக்குதா?”

“நல்லாருக்குது. ஏன் தம்பி?”

“தெனமும் ஏழு மணிக்கு கட்டம் அனுப்பும். அந்த வெளையாட்டுக் கட்டம். வேற ஒரு வார்த்த பேசாது, எழுதாது. நா அனுப்புனா பதில் வராது. ஆனா கட்டம் மட்டும் வந்துடும். தொண்ணூறு நாளா ஒரு நாளு தப்பல. இன்னைக்கு வரல. பன்னெண்டு மணி வரைக்கும் பாத்தேன். அப்பறம் போனு போட்டா சுவிட்ச் ஆஃபுன்னு வருது. என்னால உக்கார முடியலக்கா. ட்ரெயின் ஏறிட்டேன். இப்ப ஜங்ஷன்ல நிக்கிறேன். மாமா வூட்டுக்கு வரக் கூடாதுன்னு தெரியும். நல்லாருக்குதுன்னு நீங்க சொன்னா போதும், அடுத்த வண்டிக்கே திரும்பிடுறேன்.”

போனிலிருந்து குரல் வெளியே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வெண்பா அணைந்துபோன தன் போனை எடுத்துப் பார்த்தாள்.

சென்னைத் தோழி என்று நினைத்ததை எண்ணி இளமதிக்கு உள்ளுக்குள் கூசியது. ஒரு சொல்கூடப் பேசாமல் தினமும் ஒருத்தி தன் புருஷனுக்கு நான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அதைத்தான் வீட்டில் எல்லாரும் வெட்டிப் பொழுது என்று முகம் சுளித்திருக்கிறோம்.

“தம்பி, ஒரு நிமிஷம் இருங்க.” போனைக் கையால் பொத்திக்கொண்டாள். “வெண்பா, அவரு அஞ்சு மாசம் சொல்லாம இருந்தது தப்புதான். அது அப்படியே இருக்கட்டும். இப்ப வரச் சொல்லட்டுமா, வேண்டாமா? நீ சொல்றதுதான்.”

“அப்பா…” என்றாள் வெண்பா.

“அப்பா வூட்டு வாசப்படியத்தான் சொன்னாரு. இது கொட்டக.”

வெண்பா அந்தப் பத்து வெள்ளை டைல்களைப் பார்த்தாள். பிறகு தலையை அசைத்தாள்.

“வரச் சொல்லுங்க. நானும் ஒண்ணு சொல்லணும் அவருகிட்ட.”

“ஆட்டோ புடிச்சு தொழிற்பேட்டைக்கு வாங்க தம்பி” என்றாள் இளமதி. “கேட்டு தெறந்துதான் இருக்கும்.”

போனை வைத்துவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மேசையைத் துடைக்க வந்தாள். இசட் அடுக்குக்குப் பக்கத்தில் மாமனாரின் மூக்குக்கண்ணாடி இருந்தது. அது இல்லாமல் அவர் டீக்கடையில் பேப்பரைக்கூடப் பிரிக்க மாட்டார்.

ஜங்ஷன் பக்கமிருந்து ஓர் ஆட்டோ திரும்பும் சத்தம் கேட்டது. அதே நேரம் டீக்கடைப் பக்கமிருந்து அந்த டி.வி.எஸ் சத்தமும் வந்துகொண்டிருந்தது. இளமதி கண்ணாடியை எடுத்து முந்தானையால் துடைத்தாள். பிறகு நடந்து போய், ஒருக்களித்திருந்த கேட்டின் இரண்டு கதவையும் முழுசாகத் திறந்து வைத்துவிட்டு, நடுவில் நின்றாள்.